வயதைக் குறைக்கும் பெப்டைடு: எதற்கு ஆதாரம் இருக்கு, எதற்கு இல்லை?

செந்தூல்வாசி

வணக்கம். இளமை திரும்பும்னு சொல்லி இப்போ கேஎல்-ல மூணு விதமா பெப்டைடு விக்கிறாங்க. முகத்துல தடவுற சீரம், தண்ணில கலக்கிக் குடிக்கிற கொலாஜன் தூள், அப்புறம் வயித்துத் தோல்ல போட்டுக்கிற ஊசி. ஊசிக்குச் சின்னக் கண்ணாடிக் குப்பில வெள்ளைத் தூள் வருது. பிபிசி-157, சிஜேசி-1295 கூட இபாமோரெலின், எபிடாலோன்னு பேர் சொல்றாங்க. எதைக் கேட்டாலும் "ஆய்வுல நிரூபிச்சது"ங்கிற ஒரே பதில்தான்.

யார்கிட்ட ஆய்வு பண்ணாங்க, எத்தனை பேர்கிட்ட, என்ன அளந்தாங்க? மூணையும் ஒரே தராசுல வைக்கலாமா? குப்பியோட வர்ற 99 விழுக்காடு தூய்மைச் சான்றிதழை நம்பலாமா? எங்க அக்காவுக்கு 52 வயசு, மூணு மாச ஊசிப் பேக்கேஜ் எடுக்கலாமான்னு கேக்கிறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மருந்தகம்_கேஎல்

மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி, அவ்வளவுதான். இன்சுலின் 51 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு. செமாகுளூடைடும் பெப்டைடுதான். அதற்கு 2023இல் வெளியான செலக்ட் ஆய்வில் 17,604 பேர் இருந்தார்கள். இதய நோய் உள்ள, எடை கூடிய, நீரிழிவு இல்லாதவர்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்ந்து மருந்துப்போலி (மருந்தில்லாத போலி ஊசி) பெற்ற குழுவைவிட 20 விழுக்காடு குறைந்தன. ஒரு பெப்டைடுக்கு ஆதாரம் என்றால் இப்படி இருக்கும். அதனால் "பெப்டைடு வேலை செய்யுமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில் சிஜேசி-1295, இபாமோரெலின் ஜோடி. இவை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கும். அது உண்மை, மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள். 2006இல் வந்த ஆய்வில் ஒரே ஊசிக்கு வளர்ச்சி ஹார்மோன் 2 முதல் 10 மடங்கு கூடியது, ஆறு நாளும் அதற்கு மேலும் நீடித்தது. ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டிக் கல்லீரல் சுரக்கும் இன்னொரு ஹார்மோன்) ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை ஏறி, 9 முதல் 11 நாள் நின்றது. ஆனால் அளந்தது இரத்தத்தில் உள்ள எண்ணை. சுருக்கமோ தசை வலுவோ ஆயுளோ அங்கே அளக்கப்படவில்லை.

இன்னொரு சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. அந்த ஆய்வில் பயன்பட்டது டிஏசி என்ற இணைப்பு உள்ள வடிவம். அது இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், ஆறு முதல் எட்டு நாள். சந்தையில் அதே பெயரில் "டிஏசி இல்லாதது" என்று விற்பது வேறு மூலக்கூறு. அது அரை மணி நேர அளவில் பாதியாகிவிடும். ஒன்றின் ஆய்வைக் காட்டி மற்றதை விற்கிறார்கள். எந்த வடிவம் என்று கேளுங்கள், பெரும்பாலும் விற்பவருக்கே தெரியாது.

இபாமோரெலினை அறுவைக்குப் பிறகு குடல் இயங்காமல் நிற்கும் பிரச்சினைக்கு இரண்டாம் கட்ட ஆய்வு வரை கொண்டுபோனார்கள். அதில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. முதுமைக்கு என்று மனிதரிடம் ஆய்வு நடந்ததாகத் தெரியவில்லை.

இந்த வளர்ச்சி ஹார்மோன் ஆசை எங்கே தொடங்கியது என்றால், 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு சின்ன ஆய்வில். 61 முதல் 81 வயது வரை 21 ஆண்கள், அதில் 12 பேருக்கு மட்டும் ஆறு மாதம் ஹார்மோன் ஊசி. கொழுப்பு இல்லாத உடல் எடை 8.8 விழுக்காடு கூடியது, கொழுப்பு 14.4 விழுக்காடு குறைந்தது. அதை வைத்து விளம்பரம் பெருகிப்போய், 2003இல் அதே இதழ் தன் ஆய்வு தவறாகப் பயன்படுவதைக் கண்டித்து எழுத வேண்டி வந்தது. 2007இல் ஆரோக்கியமான முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். உடல் அமைப்பில் சுமார் 2 கிலோ மாற்றம். கூடவே கை கால் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம் எல்லாம் கூடுதலாக வந்தன.

இதில் யோசிக்க வைப்பது இன்னொன்று. வளர்ச்சி ஹார்மோன் இல்லாத குள்ள எலிகள்தான் மற்ற எலிகளைவிட வெகுநாள் வாழ்கின்றன. ஈக்குவடோரில் லாரோன் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த ஹார்மோனை உணரும் ஏற்பியே வேலை செய்யாது, ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு. 2011இல் வந்த ஆய்வுப்படி அவர்களிடம் நீரிழிவு இல்லை, புற்றுநோய் கிட்டத்தட்ட இல்லை. அவர்கள் ஆயுள் கூடுதல் என்று சொல்ல முடியாது, விபத்து போன்ற வேறு காரணங்களால் இறக்கிறார்கள். ஆனாலும் ஐஜிஎஃப்-1ஐ ஏற்றினால் இளமை என்கிற கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

எபிடாலோன் நான்கு அமினோ அமிலம். 2003இல் ரஷ்ய ஆய்வுக் குழு ஒன்று ஆய்வகத் தட்டில் வளர்த்த மனிதக் கரு உயிரணுக்களில் டெலோமரேஸ் (குரோமோசோம் முனைகளை நீட்டும் நொதி) தூண்டப்பட்டதாக எழுதியது. அங்கிருந்துதான் எல்லா விளம்பரமும். புற்றுநோய்க் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் இதே டெலோமரேஸை இயக்கித்தான் சாகாமல் பெருகுகின்றன. அதைத் தூண்டுவதை ஒரு தட்டு உயிரணுவை நம்பி மனித உடலில் செய்யக் கூடாது.

சரும_வாசிப்பு

ஊசியை அண்ணன் சொல்லிட்டார், நான் தடவுறதைச் சொல்றேன்.

தோலுக்குள் போக மூலக்கூறு ஏறக்குறைய 500 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையின் அலகு) இருக்கணும்னு 2000இல் ஒரு விதி எழுதினாங்க. கறாரான விதி இல்லை, நல்ல கைக்கணக்கு. காப்பர் சேர்ந்த ஜிஎச்கே என்ற பெப்டைடு சுமார் 400, அது உள்ளே. மேட்ரிக்சில் என்று விற்கிற பால்மிடோயில் பென்டாபெப்டைடு 800ஐத் தாண்டும். சுருக்கத்துக்கு விக்கிற ஆர்கிரெலைன் பெப்டைடு ஏறக்குறைய 890. மேட்ரிக்சிலுக்குக் கொழுப்பு அமில வால் ஒட்டியிருப்பது தோலின் எண்ணெய்ப் படலத்தைக் கடக்கத்தான்.

மேட்ரிக்சிலுக்கு இருக்கிற நல்ல ஆய்வு 2005இல் வந்தது. 35 முதல் 55 வயது வரை 93 வெள்ளைக்காரப் பெண்கள், 12 வாரம், முகத்தில் ஒரு பக்கம் பெப்டைடு கலந்த கிரீம், மறுபக்கம் அது இல்லாத அதே கிரீம். அளவு பத்து லட்சத்தில் 3 பங்கு மட்டும். நுண்கோடு குறைந்தது, ஆனால் வித்தியாசம் சின்னது. ஆய்வு செய்தவங்க பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்து ஆட்கள் என்பதையும் சேர்த்து வாசிக்கணும்.

ஆர்கிரெலைன்: 2002இல் 10 பெண்கள், 30 நாள், சுருக்க ஆழம் 30 விழுக்காடு வரை குறைந்ததாம். பத்தே பேர். இப்போ பாட்டில்ல "10 விழுக்காடு ஆர்கிரெலைன்"னு போட்டிருந்தா பொதுவா அது பெப்டைடு 10 விழுக்காடு கிடையாது. மூலப்பொருளா வர்ற கரைசல்ல பெப்டைடு 0.05 விழுக்காடுதான். அதை 10 விழுக்காடு ஊத்தினா கடைசியில் கிடைப்பது 0.005. லேபிள் பொய் சொல்லல, படிக்கிறவங்க தப்பாப் புரிஞ்சுக்கிற மாதிரி இருக்கு. "ஊசி இல்லாத போடாக்ஸ்"னு சொல்றது மட்டும் அதிகப்படி. போடாக்ஸை டாக்டர் தசைக்குள்ளேயே போடுறார், கிரீம் அந்த ஆழத்துக்குப் போகாது.

ஜிஎச்கேயை 1973இல் மனித இரத்த பிளாஸ்மாவில் கண்டுபிடிச்சாங்க. தட்டில் வளர்த்த உயிரணுவிலும் எலிக் காயத்திலும் தகவல் நிறைய இருக்கு, மனித முகத்தில் நடந்த ஆய்வுகள் சின்னவை. தடவ ஆசைப்பட்டா பெரிய கெடுதல் இல்லை. ஒண்ணு மட்டும்: வைட்டமின் சி சீரத்தோட அதே வேளையில் போடாதீங்க. தாமிரம் அஸ்கார்பிக் அமிலத்தை வேகமா ஆக்சிஜனேற்றம் பண்ணிடும், காசு கொடுத்து வாங்கின வைட்டமின் சி வீணாகும். காலையில் ஒன்று, இரவில் மற்றது.

இதையெல்லாம்விட பலமான ஆதாரம் சாதாரண வெயில் கிரீமுக்கு இருக்கு. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை வருஷம் பார்த்தாங்க. தினமும் தடவச் சொன்ன குழுவில், விருப்பப்பட்டபோது தடவினவங்களைவிட தோல் முதுமை 24 விழுக்காடு குறைவு. நமக்கு கேஎல்-ல மத்தியானம் புற ஊதாக் குறியீடு 10ஐத் தாண்டுறது சர்வ சாதாரணம், மேகம் மூடினாலும் கதிர் வரும். முகம் கழுத்துக்கு ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமா இரண்டு கோடு எடுத்தாத்தான் பாட்டில்ல எழுதின அளவு பாதுகாப்பு கிடைக்கும். நிறைய பேர் எடுக்கிறது அதுல கால் பங்கு. வேர்த்துத் துடைச்சா மறுபடி போடணும்.

அடுத்தது டிரெட்டினோயின், வைட்டமின் ஏ வகைக் கிரீம். 1988லிருந்து மருந்துப்போலியோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கு. 0.025 விழுக்காட்டில், பட்டாணி அளவு முழு முகத்துக்கும், வாரம் இரண்டு இரவில் தொடங்கி மெதுவா ஏத்தணும். அவசரப்பட்டு தினமும் போட்டா தோல் உரிஞ்சு சிவந்துபோய், பத்தாம் நாள் டியூபைத் தூக்கிப் போட்டுடுவாங்க. பலன் தெரிய மூணு மாசமாவது ஆகும். கர்ப்பத்தில் கூடாது. நம்ம நாட்டில் இது டாக்டர் சீட்டு மருந்து. சந்தையில் "பெப்டைடு நைட் கிரீம்" ரெண்டு வாரத்தில் தோலை உரிச்சுப் பளபளன்னு ஆக்கினா சந்தேகப்படுங்க. சொல்லாமல் டிரெட்டினோயின், ஹைட்ரோகுவினோன், பாதரசம் கலந்த அழகுப் பொருட்களை என்பிஆர்ஏ (நம்ம நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) தொடர்ந்து தடை பண்ணிட்டுத்தான் வருது.

செந்தூல்வாசி

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. கொலாஜன் தூளைப் பத்தி யாரும் சொல்லலையே? வீட்ல மாட்டுப் பொருள் சேர்க்க மாட்டோம். பெட்டியில் ஹலால் முத்திரை இருந்தாப் போதுமா?

மருந்தகம்_கேஎல்

போதாது. ஹலால் முத்திரை பன்றி இல்லை என்று உறுதி சொல்லும், மாடு இல்லை என்று சொல்லாது. முறைப்படி அறுத்த மாட்டின் தோலில் எடுத்த கொலாஜன் ஹலால்தான். மூலப்பொருள் பட்டியலில் "லெம்பு" அல்லது "போவைன்" என்று இருந்தால் மாடு. "ஈக்கான்" அல்லது "மரைன்" என்றால் மீன். ஒன்றுமே போடாமல் ஹைட்ரலைஸ்டு கொலாஜன் என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சைவ உணவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: செடியில் கொலாஜன் கிடையாது. "வீகன் கொலாஜன்" என்று வருவது பெரும்பாலும் வைட்டமின் சி-யும் சில அமினோ அமிலங்களும்.

ஆதாரம் நடுத்தரம். 2014இல் 69 பெண்களுக்கு தினம் 2.5 அல்லது 5 கிராம், 8 வாரம் கொடுத்ததில் தோலின் நெகிழ்வு கூடியது. அதற்குப் பிறகு நிறைய வந்தன, பலவும் சாதகமாகவே. ஆனால் 2025இல் 23 ஆய்வுகளை, மொத்தம் 1,474 பேரை, சேர்த்துப் பார்த்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. எல்லாவற்றையும் கூட்டினால் ஈரப்பதம், நெகிழ்வு, சுருக்கம் மூன்றிலும் முன்னேற்றம். நிறுவனப் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் பிரித்தால் மூன்றிலும் பலன் இல்லை. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தாலும் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. தீங்கு குறைவு, பலன் சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் செரித்துத் துண்டாகிப் போகும் புரதம் இது. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலமே அதில் இல்லாததால் முழுப் புரதமாகவும் கணக்கில் சேராது.

ஆய்வகம்_பினாங்கு

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

99 விழுக்காடு என்பது எச்பிஎல்சி கருவியில் வந்த எண். கரைசலைக் குழாய் வழியே செலுத்தி, புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருட்களின் உச்சிகளைப் பார்த்து, மொத்தப் பரப்பில் பெரிய உச்சியின் பங்கைச் சொல்கிறது. அது எந்தப் பெப்டைடு என்று அந்த எண் சொல்லாது. தவறான பெப்டைடுகூட 99 விழுக்காடு தூய்மையாக இருக்க முடியும். எது என்று அறிய, மூலக்கூறு எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியில் அந்த எடை பொருந்த வேண்டும். குப்பியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதும் அந்த எண்ணில் இல்லை. தூளில் உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும், அவற்றைக் கழித்த நிகரப் பெப்டைடு அளவு தனியாக அளக்க வேண்டியது. உலோகங்களும் எண்டோடாக்ஸினும் புற ஊதாவில் தெரியவே தெரியாது.

எண்டோடாக்ஸின் என்பது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் சுவர்த் துண்டு. பாக்டீரியா செத்த பிறகும் அது இருக்கும். 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், எண்டோடாக்ஸினை விட்டுவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. கண்ணாடிக் குப்பியை 250 பாகை செல்சியசில் அரை மணி நேரம் சுட்டால்தான் அழியும். ஊசி மருந்துக்குப் பொதுவான உச்ச வரம்பு ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 5 அலகு, அதாவது 60 கிலோ ஆளுக்கு 300. மீறினால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும். அதை "மருந்து வேலை செய்கிறது" என்று சொல்லிச் சமாளிப்பது ஆபத்தான பழக்கம்.

ஆகவே சான்றிதழில் பார்க்க வேண்டியவை: தொகுதி எண் குப்பியில் உள்ளதோடு பொருந்துகிறதா, மாஸ் ஸ்பெக் இருக்கிறதா, நிகர அளவு, எண்டோடாக்ஸின் முடிவு, கிருமியின்மைச் சோதனை, எந்த ஆய்வகம் செய்தது. இவை அத்தனையும் இருந்தாலும், ஒரு குப்பியை அனுப்பிச் சோதித்ததை வைத்து உங்கள் கையில் இருக்கும் குப்பியைப் பற்றிச் சொல்ல முடியாது. மருந்துத் தொழிற்சாலையில் தொகுதி முழுவதற்கும் பதிவேடு இருக்கும். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஒட்டிய குப்பிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த வரியை ஒட்டுவதே அதற்காகத்தான்.

கலக்கும்போது நடக்கும் தவறும் சாதாரணமானதல்ல. 5 மில்லிகிராம் தூளில் 2 மில்லிலிட்டர் நீர் ஊற்றினால், நூறு கோடு உள்ள இன்சுலின் ஊசியில் ஒரு கோடு 25 மைக்ரோகிராம். 1 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றினால் அதே கோடு 50. ஒருவர் சொன்ன "பத்து கோடு" இன்னொருவருக்கு இரண்டு மடங்கு. மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பினால் ஆயிரம் மடங்கு. ஊசியில் உள்ள கோடு இன்சுலின் அலகுக்காகப் போட்டது, வேறு எந்த மருந்தின் எடையையும் அது சொல்லாது. கரைத்த பிறகு வெப்பத்தில் வைத்தால் அதிலுள்ள ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் சிதையும், மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் ஆகும், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரண்ட பெப்டைடுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் வாய்ப்பு கூடும். கண்ணுக்கு எல்லாம் தெளிந்த நீராகவே தெரியும்.

ஜிம்_ஷாஆலம்

எலி ஆய்வுன்னு எல்லாத்தையும் தள்ளிட்டா எந்த மருந்துமே வந்திருக்காதே. பிபிசி-157க்குத் தசைநார், குடல்னு எத்தனையோ ஆய்வு இருக்கு. தசைநார் பிய்ஞ்சவங்க நல்லாயிருக்குன்னு சொல்றாங்க. அதையும் வேண்டாம்கிறீங்களா?

மருந்தகம்_கேஎல்

தம்பி, எலி ஆய்வு தொடக்கம். அங்கேயே நிற்பதுதான் பிரச்சினை. பிபிசி-157 இரைப்பைச் சாற்றுப் புரதம் ஒன்றிலிருந்து வந்ததாகச் சொல்லும் 15 அமினோ அமிலச் சங்கிலி. முப்பது வருடத்துக்கு மேல் எழுதுகிறார்கள், பெரும்பங்கு சாக்ரெப் நகரத்து ஒரே குழு. மனிதர்களிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், முழங்காலில் ஊசி போட்ட 16 பேரின் பழைய பதிவுகளைப் புரட்டியது, ஒப்பீட்டுக் குழு கிடையாது. சிறுநீர்ப்பை வலி உள்ள 12 பெண்கள். நரம்பு வழி ஏற்றிப் பார்த்த 2 பேர். 42 பேரோடு 2015இல் பதிவான முதல் கட்ட ஆய்வின் முடிவு வெளிவரவே இல்லை. தசைநார் வலி பலருக்கு நாளாக நாளாகத் தானாகவே குறையும், அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

விலங்குகளில் இது புது இரத்தக் குழாய்களை வளர்க்கிறது. காயத்துக்கு நல்லது. உடலில் தெரியாமல் இருக்கும் கட்டிக்கும் அதே இரத்தக் குழாய் வேண்டும். மனிதரில் அப்படி நடந்ததாக நிரூபணம் இல்லை, அப்படி நடக்காது என்று காட்டும் நீண்டகால ஆய்வும் இல்லை. நீங்கள் போட்டியில் கலந்துகொள்பவர் என்றால் இன்னொன்று: 2022லிருந்து வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தடைப் பட்டியலில் பிபிசி-157 இருக்கிறது.

செந்தூல்வாசி

கடைசியா ஒண்ணு. முன்னாடியே சொல்லியிருக்கணும், அக்காவுக்கு நாலு வருஷமா இனிப்புநீர், மெட்ஃபார்மின் சாப்பிடுறாங்க. பேக்கேஜ்ல சிஜேசி, இபாமோரெலின்தான் இருக்கு. ஏதாவது வித்தியாசம் ஆகுமா?

மருந்தகம்_கேஎல்

மிகப் பெரிய வித்தியாசம். வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும், கல்லீரல் அதிகச் சர்க்கரையை வெளியிடும். மெட்ஃபார்மின் குறைக்கிற அளவை இது மறுபக்கம் ஏற்றும். இதே வழியில் வேலை செய்யும் டெசாமோரெலின் 2010இல் அமெரிக்காவில் எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்புக்கு மட்டும் அனுமதி பெற்றது, அதன் தகவல் தாளிலேயே இரத்தச் சர்க்கரையைக் கவனிக்கச் சொல்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியையோ, நீரிழிவால் விழித்திரையில் புது இரத்தக் குழாய் வளர்ந்த நிலையில் போடவே கூடாது. அக்கா கடைசியாக எப்போது கண் படம் எடுத்தார்? 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்த ஊசியை நம் வீடுகளில் விற்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளினிக்கில் பேசத்தான் போகிறார் என்றால் குப்பியை, அல்லது பெட்டியை, படம் எடுத்து வரட்டும். இங்கே பதிவான மருந்தில் எம்ஏஎல் என்று தொடங்கி எண்கள் இருக்கும், பாதுகாப்பு ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். என்பிஆர்ஏ தளத்தில் குவெஸ்ட்3+ தேடலில் அந்த எண்ணைப் போட்டால் பெயர், தயாரிப்பாளர், பதிவு நிலை வரும். மூன்றும் பெட்டியோடு பொருந்த வேண்டும், வேறு பொருளின் எண்ணை அச்சடித்து ஒட்டுவதும் நடக்கிறது. என்ஓடி என்று தொடங்கும் எண் அழகுப் பொருள் அறிவிப்பு. தடவுவதற்கு உரியது, ஊசிக்கு அந்த எண் செல்லாது. அந்தப் பொருள் பலன் தரும் என்று அரசு சோதித்ததாகவும் அதற்கு அர்த்தம் இல்லை. அழகு சிகிச்சை செய்யும் டாக்டரிடம் சுகாதார அமைச்சின் எல்சிபி அனுமதி இருக்கிறதா என்றும் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஏற்கெனவே ஓரிரு ஊசி போட்டிருந்தால் மெட்ஃபார்மினை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். விரல் நுனி இரத்தத்தில் காலை வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதிக்கொண்டு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் குப்பியோடு போகட்டும். எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை காட்டுவது சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ஒரு வாரத்து ஏற்றம் அதில் உடனே தெரியாது. பக்க விளைவு இருந்தால் கிளினிக் சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை, பயனீட்டாளரே என்பிஆர்ஏ-வுக்கு நேரடியாகப் புகார் படிவம் அனுப்பலாம்.

சரும_வாசிப்பு

அக்காவுக்கு 52ன்னா மாதவிடாய் நிற்கிற வயசு, தோல் காய்றதுக்கும் தசை குறையறதுக்கும் அதுவும் ஒரு காரணம். அதை டாக்டர்கிட்ட தனியா கேக்கச் சொல்லுங்க. கண் பரிசோதனைத் தேதியை இந்த வாரமே வாங்கிடுங்க.